சூடான காற்றும் சீட்டுப் பணமும்

பால் ஆற்றத் தெரிந்தவர்களுக்கு இன்டர்கூலர் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேண்டிய அறிவியல் முழுக்க அடுக்களையிலேயே இருக்கிறது.

குழந்தை அழுகிறது, பால் கொதிக்கிறது. என்ன செய்வீர்கள்? ஒன்று, டம்ளருக்கும் வட்டைக்கும் இடையே நீட்டி நீட்டி ஆற்றுவீர்கள். அல்லது ஒரு சட்டியில் பச்சைத் தண்ணீர் எடுத்து, டம்ளரை அதில் இறக்கி வைப்பீர்கள். முதலாவது காற்றால் ஆற்றுவது. இரண்டாவது தண்ணீரால் ஆற்றுவது. தண்ணீர்தான் வேகம், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்து, மூன்று டம்ளரையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே சட்டியில் வைத்தால்? மூன்றாவது டம்ளரின் முறை வரும்போது சட்டித் தண்ணீரே வெந்நீராகி இருக்கும். கடைசிப் பிள்ளைக்கு நாக்குப் பொத்துவிடும்.

உலகத்தில் உள்ள இன்டர்கூலர்கள் எல்லாம் இந்த இரண்டு ஜாதிக்குள் அடக்கம். அவற்றுக்கு 'அப்கிரேடு' என்று லட்சக்கணக்கில் விற்கிறார்களே, அந்தச் சாமான்களும் பெரிய சட்டி, தண்ணீரை வேகமாக மாற்றும் பம்ப், ஐஸ் கட்டி என்று இதற்குள்ளேயே முடிந்துவிடும். மெக்கானிகல் படித்தவர்கள் என் மேல் கோபப்படலாம். நான் பி.காம். எனக்கு இப்படித்தான் புரிந்தது.

சரி, காருக்குள் எதை ஆற்ற வேண்டியிருக்கிறது? காற்றை.

என்ஜின் என்பது மூச்சுவிடும் ஆசாமி. உள்ளே எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். அதற்கு மேல் பெட்ரோலை ஊற்றினால் புகைதான் மிச்சம். ஆகவே காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்க ஒரு யந்திரம் வைத்தார்கள். புகைபோக்கியில் வீணாகப் போகும் புகையைக் கொண்டு அதைச் சுற்ற வைத்தால் டர்போ. என்ஜினிலிருந்து நேராக ஒரு பெல்ட் போட்டுச் சுற்ற வைத்தால் சூப்பர்சார்ஜர். ஆதியில் இது காருக்காகப் பிறந்த சமாசாரமே அல்ல. 1860-ல் அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் காப்புரிமை வாங்கிய காற்றூதி இது; உலைகளுக்குக் காற்று ஊத உதவியது. நம்ம கொல்லர் வீட்டுத் துருத்திக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் பல கார்களில் என்ஜின் தலைமேல் உட்கார்ந்திருப்பது அந்த ரூட்ஸ் வம்சத்து வாரிசுதான்.

ஒரே ஒரு சங்கடம். காற்றை நெருக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். சுடும். பிரேக் பிடித்ததாலா, வெயிலாலா? இல்லை, நெருக்கியதால்.

இந்த இடத்தில்தான் எனக்கு நோட்டும் பேனாவும் எடுக்கத் தோன்றியது.

வெயில் நாளில் என்ஜின் உறிஞ்சும் காற்று 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்சார்ஜர் அதை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு நெருக்குகிறது. 100 ரூபாய்க்குக் காற்று போன இடத்தில் இனி 150 ரூபாய்க்குப் போக வேண்டும். அப்படித்தானே கணக்கு? ம்ஹூம். சாதாரண ரூட்ஸ் வகை யந்திரத்திலிருந்து வெளியே வரும்போது அந்தக் காற்று சுமார் 100 டிகிரியில் இருக்கும். சூடானால் காற்று விரியும். விரிந்தால் அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் உள்ளே போவது 125 ரூபாய்க் காற்று! மீதி 25 ரூபாயைச் சூடு என்கிற தரகர் கமிஷனாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்கு நடுவே ஒரு இன்டர்கூலர் வைத்து, 100 டிகிரியை 55 டிகிரிக்கு இறக்கினால், 140 ரூபாய்க் காற்று போகும். அதாவது இன்டர்கூலர் புதிதாக எதையும் சம்பாதிப்பதில்லை. தரகரிடம் போன பணத்தில் பாதிக்கு மேல் வசூல் பண்ணித் தருகிறது. வசூல் குமாஸ்தா. முதலாளி அல்ல. இதை முதலிலேயே மனசில் எழுதிக்கொண்டால், பின்னால் விளம்பரங்களைப் படிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறாது.

தரகர் இன்னொரு வகையிலும் திருடுகிறார். காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் தன் முறை வருமுன்பே அவசரப்பட்டு வெடிக்கப் பார்க்கும். 'டொக் டொக்' என்று தட்டும். நாக்கிங் என்பார்கள். பிஸ்டனுக்கு ஆகாத சத்தம் அது. இந்தக் காலத்துக் கார்களில் இருக்கும் கம்ப்யூட்டர் இதைக் கேட்டதும், பிளக்கில் நெருப்புப் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு என்ஜினைக் காப்பாற்றும். காப்பாற்றுவது சரி. ஆனால் சக்தி குறையும். மிதிப்பீர்கள், கார் யோசிக்கும்.

'இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆரல்வாய்மொழிப் பாதையில் மூச்சு வாங்காமல் ஏறிப் போகிற லாரிகள் பலவற்றின் மூக்குக்குள் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அலுமினியக் கூடு இருக்கிறதே, அது இன்டர்கூலர்தான். டாட்டா வண்டிகளில் 'டி.சி.ஐ.சி.' என்று நாலெழுத்து பார்த்திருப்பீர்களே. டர்போசார்ஜர், இன்டர்கூலர் என்பதன் சுருக்கம் அது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, குளிர்ந்த காற்றில் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக வரும் என்பதற்காகவும் இது டீசல் வண்டிகளில் கட்டாயம் போல ஆகிவிட்டது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் போனால் தண்ணீர் ஜாதியைப் பார்க்கலாம். பெரிய டர்போ டீசல் போட்ட விசைப்படகுகளில் காற்றை ஆற்றக் கடல் தண்ணீரையே சுற்ற விடுகிறார்கள். எவ்வளவு பெரிய சட்டி பாருங்கள். மூன்றாவது டம்ளர் பிரச்னையே கிடையாது!

இதே தண்ணீர் ஏற்பாடு ஒரு யுத்தத்தில் பெரிய வேலை பார்த்திருக்கிறது. 1941-ல் ஜெர்மனியின் ஃபோக்க வுல்ஃப் 190 விமானம் வந்ததும் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர்கள் திணறின. ரோல்ஸ் ராய்ஸ் தன் மெர்லின் என்ஜினில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சூப்பர்சார்ஜர் அடுக்கியது. இரண்டு முறை நெருக்கினால் இரண்டு மடங்கு தலைவலி, காற்று தகிக்கும். ஆகவே அதை ஆற்றத் தனியாக ஒரு தண்ணீர்ச் சுற்று, அந்தத் தண்ணீரை ஆற்ற இறக்கைக்கு அடியில் தனியாக ஒரு ரேடியேட்டர். 1942-ல் அந்த என்ஜினோடு ஸ்பிட்ஃபயர் 9 களத்துக்கு வந்தது. உயரத்தில் மறுபடி சரிசமமாக மோத முடிந்தது. இந்தச் சூப்பர்சார்ஜர் கணக்குகளைப் போட்டவர் ஸ்டான்லி ஹுக்கர். அவர் படித்தது கணிதம். பிற்காலத்தில் சுயசரிதை எழுதியபோது அதற்கு 'நான் அப்படியொன்றும் பெரிய என்ஜினீயர் இல்லை' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். காரணம் சொல்ல வேண்டுமா?

இன்றைய சூப்பர்சார்ஜர் கார்களின் ஏற்பாடும் ஏறக்குறைய அந்த ஸ்பிட்ஃபயர் ஏற்பாடுதான். 2008-ல் டாட்டா வாங்கிய ஜாகுவார் கம்பெனி, எஃப்-டைப் என்று ஒரு கார் 2024 வரை செய்தது. அதன் 5 லிட்டர் வி8 என்ஜினின் மேல் சூப்பர்சார்ஜர். அதன் பக்கத்திலேயே தண்ணீரால் ஆறும் கூலர்கள். முன்னால் பம்பருக்குப் பின்னே தனி ரேடியேட்டர். நடுவில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப். சட்டி, சட்டித் தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஆற்றிவரும் ஆள், ஆற்றும் இடம். மூன்றும் சரியாக இருந்தால் கார் பறக்கும். ஒன்று படுத்தாலும்...

இந்த இடத்தில் என் பெரியம்மா மகனை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அண்ணன் என்றே சொல்கிறேன். வளைகுடாவில் பதினாறு வருஷம் கணக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததும் எல்லோரும் வீடு கட்டுவார்கள். அண்ணன் வீட்டை ஏற்கெனவே கட்டிவிட்டதால், ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கினார். ஆறு சிலிண்டர், 3 லிட்டர், நடுவில் சூப்பர்சார்ஜர். கம்பெனி பெயர் எதற்கு? அது பாவம், நம்ம ஊர் ரோட்டுக்காகப் பிறந்ததல்ல.

முதல் மாசம் அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் முகம் வாடி வந்தார். காலையில் எடுத்தால் புலி மாதிரி போகிறதாம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்துவிட்டு மிதித்தால் பூனையாகிவிடுகிறதாம். வெளியூர்க் கடை ஒன்றில் போனிலேயே விசாரித்திருக்கிறார். 'இன்டர்கூலர் அப்கிரேடு பண்ணணும் சார்' என்று சொல்லி, ஒரு கொட்டேஷனும் அனுப்பிவிட்டார்கள். பெரிய முன் ரேடியேட்டர், பெரிய பம்ப், டிக்கியில் வைக்க ஐஸ் போடும் டாங்க், கம்ப்யூட்டர் ட்யூனிங். மொத்தம் ரெண்டே முக்கால் லட்சம். கீழே பொடி எழுத்தில் '40 குதிரை சக்தி வரை கூடும்'.

"லே மக்கா, நீ பி.காம். தானே? இதுக்கு நாயம் உண்டுமா, பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் அடுக்களையிலிருந்து மைனி வந்தார். கையில் கரண்டி.

"தம்பி, ஒங்க அண்ணனுக்குக் காருக்குள்ள பிரிஜ் வைக்கணுமாம். எடுத்த சீட்டுப் பணத்தைக் கேக்காரு. அது பிள்ளைக்குக் காலேஜ் பீசாக்கும். நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க."

நான் கொட்டேஷனைப் படிக்க ஆரம்பித்தேன். மாட்டிக்கொண்டால் படிப்பதுதான் பாதுகாப்பு.

முதலில் அந்த 40 குதிரை. 'வரை' என்ற சொல்லில்தான் வியாபாரமே இருக்கிறது. ஜவுளிக்கடைத் தள்ளுபடியில் வருமே, அதே 'வரை'. எந்த ஊரில், எத்தனை டிகிரியில் அளந்தது? குளிர்தேசத்தில் 10 டிகிரிக் காற்றில் அளந்த லாபம் கோட்டாற்று மத்தியானத்தில் அப்படியே வராது. காற்றாலும் தண்ணீராலும் ஆற்றுகிற எந்த இன்டர்கூலரும், வெளியே இருக்கும் காற்றைவிடக் கீழே இறக்க முடியாது. பால் எவ்வளவு ஆற்றினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது இல்லையா? வெளியே 33 என்றால் 33-தான் தரை. அந்தத் தரையையும் யாரும் தொட்டதில்லை, பக்கத்தில் போவார்கள். இந்த விஷயத்தில் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். பாளையங்கோட்டை வெயிலோடு ஒப்பிட்டால் நம் வெயில் சாது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று இருக்கவே இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் சும்மாவா சுற்றுகின்றன?

தரைக்குக் கீழே போக வேண்டுமானால் இரண்டே வழி. ஐஸ், அல்லது ஏ.சி.

ஏ.சி. வழியை ஒரு கம்பெனி கடையிலிருந்தே போட்டு விற்றது. அமெரிக்காவின் டாட்ஜ், 2017-ல் அறிமுகப்படுத்திய சேலஞ்சர் டீமன் கார். 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8. சாதா பெட்ரோலில் 808 குதிரை, பந்தயப் பெட்ரோலில் 840. பந்தயம் தொடங்குமுன் ஓட்டுகிறவருக்கு வரும் ஏ.சி. குளிரைப் பிடுங்கி, இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கத் திருப்பிவிடும். ஓட்டுகிறவர் வேர்க்கலாம், காற்று வேர்க்கக் கூடாது! இன்னொரு ஏற்பாடும் அதில் இருந்தது. என்ஜினை நிறுத்திய பிறகும் விசிறியும் பம்பும் கொஞ்ச நேரம் தானே ஓடும். ஏனென்றால் நிறுத்திய காரில்தான் சூடு மேலேறும். ஓடும்போது எதிர்காற்று அடித்துக்கொண்டு போன சூடு, நின்றவுடன் எங்கே போகும்? என்ஜினின் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜர், கூலர் எல்லாவற்றையும் அவித்துவிடும். மொத்தமே 3,300 கார்கள்தான் செய்தார்கள். கால் மைல் நேர்க்கோட்டில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. காய்கறி வாங்க வடசேரிக்குப் போக அல்ல.

ஐஸ் என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின்னமுட்டத்துல மீனுக்குப் போடுற ஐஸ் பார் கெடைக்கும்லா? விலையும் கம்மிதான்..."

மைனி ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை மட்டும் கீழே வைத்தார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஐஸுக்கும் கணக்குப் போட்டேன். 500 குதிரை சக்தி உள்ள ஒரு காரை முழு மிதியில் ஓட்டினால், 10 கிலோ ஐஸ் கரைந்து, அந்தத் தண்ணீரும் சூடாகிப்போக மூன்று நான்கு நிமிஷம் போதும். அண்ணன் கார் அதைவிடச் சிறியது, இரட்டிப்பு நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் மைல் பந்தயக்காரனுக்கு அது ஏராளம். அவனுக்குப் பத்து, பன்னிரண்டு விநாடிதான் வேலை. அண்ணன் போகிற தூரமோ திருவனந்தபுரம் விமான நிலையம். களியக்காவிளை தாண்டுமுன் டிக்கியில் வெறும் தண்ணீர் தளும்பும். அதன் பாரத்தையும் சேர்த்துத்தான் கார் இழுக்க வேண்டும்.

பெரிய முன் ரேடியேட்டர் அப்படியல்ல, உருப்படியான சாமான். ஆனால் யாருக்கு? கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலோ சுற்றுக்கு மேல் சுற்று மிதித்துக்கொண்டே இருப்பவனுக்கு. அவனுக்கு நிற்காமல் டம்ளர் வந்துகொண்டே இருக்கும், சட்டி பெரிதாக இருந்தே ஆக வேண்டும். ரோட்டில் ஓட்டுகிற மனுஷன் முழு மிதி மிதிப்பது ஒரு நாளைக்கு எத்தனை விநாடி? மணிமேடை சிக்னலில் நின்றுகொண்டு எதை மிதிப்பது? அதோடு, முன்னால் பெரிய கூட்டை மாட்டினால் அதன் பின்னால் இருக்கும் என்ஜின் ரேடியேட்டருக்கும் ஏ.சி.க்கும் போகிற காற்று குறையும். இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போடுவது. போடும்போது கொஞ்சம் கீழே சிந்தவும் செய்யும்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அண்ணன் கார் முதல் மாசம் நன்றாகத்தானே ஓடியது? கம்பெனி வைத்த அதே கூலரோடு, அதே ஊர் வெயிலில்? அப்படியானால் போதாது என்பது கேள்வி இல்லை. இருந்தது எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. ஆடிட்டில் இதற்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் புதுக் கல்லா வாங்கச் சொல்ல மாட்டோம்.

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகி, செல்போனில் என்ஜின் விவரங்களைப் பார்க்கச் சின்னக் கருவி விற்கிறார்கள். அதிக விலை இல்லை. உள்ளே போகும் காற்றின் சூட்டையும் அது காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஓட்ட, நான் போனைப் பார்க்க, ஆரல்வாய்மொழிப் பக்கம் போனோம். ஊருக்குள் ஊர்ந்தபோது 66 டிகிரி. இருக்கட்டும், நெரிசலில் ஏறுவது சகஜம். தோவாளை தாண்டி ரோடு திறந்தது. எதிர்காற்று கதவைத் தள்ளுகிறது. எண்பதில் போகிறோம். இறங்க வேண்டும் அல்லவா? 64... 65... 66! இவ்வளவு காற்று முகத்தில் அடித்தும் சட்டித் தண்ணீர் ஆறவில்லை என்றால், தண்ணீர் வெளியே போகவே இல்லை என்று அர்த்தம்.

வெட்டூர்ணிமடத்தில் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் உண்டு. காரைக் கேட்டுவிட்டு அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இன்டர்கூலர் தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் இரண்டு கையால் பிடித்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு பொள்ளுது. இன்னொண்ணு பச்சத் தண்ணியாக் கெடக்கு. தண்ணி ஓடலியாக்கும். கூலண்ட் எப்ப மாத்தினிய?"

இரண்டு மாசம் முன்பு வேறொரு இடத்தில் மாற்றியிருந்தது. மாற்றியவர்கள் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியே எடுக்கவில்லை. பம்ப் பாவம், தண்ணீருக்குப் பதில் குமிழியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கிணற்று மோட்டார் ஏர் பிடித்தால் வெறுமனே உறுமுமே, அதே வியாதி. கார் பணக்காரக் கார். வியாதி ஏழை வியாதி. முன் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் அதன் இடுக்கெல்லாம் ஈசலும் கொசுவும் சருகும் கடற்கரை மணலும். தண்ணீரால் மெதுவாகக் கழுவினார். வேகமாகப் பீய்ச்சினால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம். அதன்பிறகு வாக்குவம் வைத்து உள்ளே இருந்த காற்றை இழுத்துவிட்டு, கூலண்ட் நிரப்பினார். பம்பின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். திருப்தி.

போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பெட்ரோலு அடிக்கிய?"

அண்ணன் மௌனம். அப்போது நம் பங்க்குகளில் சாதா பெட்ரோல் 91 ஆக்டேனாக இருந்தது. 95 ஆக்டேன் தனியாக, கூடுதல் விலையில் கிடைத்தது. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் 95 என்று அச்சடித்து ஒட்டியே இருந்தது. ஆக்டேன் எண் கூடக்கூட நாக்கிங்கைத் தாங்கும். ஒன்றரை மடங்கு நெருக்கிய சூடான காற்று, அதோடு 91 பெட்ரோல். கம்ப்யூட்டர் இரண்டு மாசமாகப் பிரேக்கில் கால் வைத்தபடியே காரை ஓட்டியிருக்கிறது. ரெண்டே முக்கால் லட்சத்துக்குத் துணிந்த அண்ணன், லிட்டருக்குச் சில ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பதினாறு வருஷம் வெளிநாட்டில் அப்படி மிச்சம் பிடித்துத்தான் வீடே கட்டினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே ரோடு. வெளியே 31. தோவாளை தாண்டியதும் போனில் 45. ஒரு இடத்தில் பாதை காலியாக இருக்க, அண்ணன் கண்ணைக் காட்டிவிட்டு மிதித்தார். முதுகு சீட்டில் ஒட்டியது. 58 வரை ஏறியது. காலை எடுத்ததும் மளமளவென்று 46-க்கு வந்துவிட்டது. ஏறுவது முக்கியமில்லை, ஏறினால் இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மெக்கானிக்குக் கொடுத்தது, கூலண்டையும் சேர்த்து, கொட்டேஷனின் கடைசியில் போட்டிருந்த கூரியர் செலவைவிடக் கொஞ்சம்தான் கூட.

அண்ணனுக்கு இதில் சந்தோஷமும் உண்டு, லேசான ஏமாற்றமும் உண்டு. கார் சரியாகிவிட்டதே என்று ஒரு மனுஷன் வருத்தப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பளபளவென்று அலுமினிய டாங்க் ஒன்று வீட்டுக்கு வரும் என்று கனாக் கண்டிருந்தார்.

"பொறவு, பந்தயத்துக்குப் போனா மாத்திக்கிடலாம் என்னா?" என்று ஒரு வாய்தா கேட்டுப் பார்த்தார்.

சட்டத்தையும் சொல்லி வைத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே 2019-ல் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாசம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ரேடியேட்டரைப் பெரிதாக்கியதற்காக ஒருவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஒரு விபத்து நடந்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறந்து பார்க்கும் நாளில், கொட்டேஷன் அனுப்பிய கடை போனை எடுக்காது.

மைனி அந்த வாரமே சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் காலேஜில் கட்டிவிட்டார். ரசீதை பிரிஜ்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார், அண்ணன் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் தெரியும்படியாக. எனக்கு ஏத்தங்காய் உப்பேரி ஒரு டப்பா தனியாக வந்தது. ஆலோசனைக் கட்டணமாக நான் இதுவரை வாங்கியதில் மொறுமொறுப்பானது இதுதான்.

அண்ணன் போன வாரம் மறுபடி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். பக்கத்து அறையில் மைனி இருந்திருக்க வேண்டும்.

"லே, இந்த சைலன்சர மாத்தினா சத்தம் நல்லாருக்கும்னு சொல்லுகானுவ. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தானே போலீசுக்காரன் பிடிப்பான்? நான் இந்தப் பக்கமே ஓட்டிக்கிடுதேன்."

52-வது பிரிவு களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் உண்டு என்றேன். "அப்பிடியா?" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சத்தத்தைச் செல்போனில் போட்டுக் காட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.